வலியை அளக்க முடியுமா? வேலூர் டாக்டர் பால் பிராண்ட் கண்டுகொண்டது என்ன?

1950-களின் தொடக்கம். அமெரிக்காவில் ஒரு படிப்புப் பயணத்தை முடித்துவிட்டு, காய்ச்சலோடு கப்பலில் இங்கிலாந்து வந்து இறங்கினார் அந்த டாக்டர். நீண்ட ரயில் பயணத்துக்குப் பிறகு அறைக்கு வந்து, சாக்ஸைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லாதது போலத் தோன்றியது. ஒரு ஊசியை எடுத்துக் குத்திப் பார்த்தார். வலிக்கவில்லை. இன்னும் ஆழமாகக் குத்தினார். ரத்தம் வந்தது, வலி மட்டும் வரவில்லை.

வேலூரில் பல ஆண்டுகளாகத் தொழுநோயாளிகளோடு வேலை செய்த டாக்டர் அவர். தனக்கும் நோய் வந்துவிட்டது என்று நினைத்து இரவு முழுக்கத் தூங்கவில்லை. காலையில் மறுபடியும் அதே இடத்தில் ஊசியை வைத்துக் குத்தினார். சுரீர் என்று வலித்தது! ரயிலில் அசையாமல் உட்கார்ந்ததில் நரம்பு அழுந்தி மரத்துப் போயிருக்கிறது, அவ்வளவுதான். அன்றைக்கு அந்த வலிக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னவர், வாழ்நாள் முழுக்க வலியைப் பற்றியே யோசித்தார்.

அவர் பெயர் பால் பிராண்ட். வலியே இல்லாதவர்களிடம் அவர் கற்றுக்கொண்ட பாடம், தீராத வலியோடு வாழ்கிறவர்களுக்கு இன்று ஏன் தேவைப்படுகிறது? பார்ப்போம்.

கொல்லிமலையில் பிறந்தவர்

பால் பிராண்ட் பிறந்தது 1914-ல், கொல்லிமலையில். அப்பா ஜெஸ்ஸி, அம்மா ஈவ்லின் இருவரும் இங்கிலாந்தில் இருந்து வந்த மிஷனரிகள். மலைவாழ் மக்களுக்கு மருந்து கொடுப்பது, வீடு கட்டுவது எல்லாமே அவர்கள் வேலைதான். ஒருநாள் தொழுநோயாளிகள் சிலர் வந்தபோது, அப்பா கையுறை போட்டுக்கொண்டு அவர்களுக்குச் சிகிச்சை செய்ததைச் சிறுவன் பால் தள்ளி நின்று பார்த்தான். மற்ற நோயாளிகளிடம் இல்லாத ஒரு பயம் அன்று அப்பாவிடம் இருந்தது அவன் மனதில் பதிந்தது.

9 வயதில் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டார். அவருக்கு 15 வயது நடக்கும்போது, கொல்லிமலையில் அப்பா காய்ச்சலில் இறந்துபோனார். பள்ளிப் படிப்புக்குப் பிறகு பால் மருத்துவத்துக்குப் போகவில்லை. கொத்து வேலையும் தச்சு வேலையும் கற்றுக்கொண்டு சில ஆண்டுகள் கட்டடத் தொழிலில் இருந்தார். பிறகுதான் லண்டனில் மருத்துவம் படித்து, இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சுக்கு நடுவே அறுவை சிகிச்சை நிபுணரானார். 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்.

அழுத்திப் பிடித்த ஒரு கை

அந்தக் காலத்தில் வட ஆற்காடு, செங்கல்பட்டு பகுதிகளில் தொழுநோய் அதிகம். நோயாளிகளைப் பொது மருத்துவமனைகளில் சேர்த்துக்கொள்ளவே தயங்குவார்கள். செங்கல்பட்டில் இருந்த தொழுநோய் மருத்துவமனையைச் சுற்றிப் பார்க்க பிராண்டை அழைத்துப் போனார் டாக்டர் ராபர்ட் காக்ரேன். அங்கே விரல்கள் நகம் போல மடங்கிக் கிடந்த ஒரு நோயாளியின் கையைப் பிடித்து, அழுத்தச் சொன்னார் பிராண்ட். கையில் பலமே இருக்காது என்று நினைத்தவருக்கு அதிர்ச்சி. நோயாளி அழுத்திய அழுத்தில் பிராண்டின் கை வலித்தது.

இதிலிருந்து அவருக்கு 2 விஷயங்கள் புரிந்தன. ஒன்று, மடங்கிப்போன கையிலும் நல்ல தசைகள் மிச்சம் இருக்கின்றன. இரண்டு, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே அந்த நோயாளிக்குத் தெரியவில்லை. முதல் விஷயம் ஒரு அறுவை சிகிச்சைக்கு வழிகாட்டியது. நன்றாக இருக்கும் முன்கைத் தசையின் தசைநாரை எடுத்து, செயலிழந்த விரல்களை இயக்கும்படி மாற்றிப் பொருத்தினார். 1948 முதல் வேலூரில் நூற்றுக்கணக்கான கைகள் இப்படி விரிந்து மடங்கத் தொடங்கின.

இரண்டாவது விஷயம் அவரை விடவே இல்லை.

விரல்கள் தானாக உதிர்வதில்லை

தொழுநோய் வந்தால் சதை கெட்டுப்போய், விரல்கள் தானாக உதிரும் என்றுதான் டாக்டர்கள் உட்பட எல்லோரும் நம்பினார்கள். பிராண்ட் அதை நம்பவில்லை. காயத்துக்குக் கட்டுப்போட்டுப் பாதுகாத்தால் மற்றவர்களுக்கு ஆறுவது போலவே இவர்களுக்கும் ஆறியது. அப்படியென்றால் சதையில் குறை இல்லை.

குறை எங்கே என்று காட்டியது ஒரு பூட்டு. துருப்பிடித்த பூட்டைத் திறக்க பிராண்ட் திணறிக்கொண்டிருந்தபோது, நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்துவிட்டான். பார்த்தால் அவன் விரலில் இருந்து ரத்தம் கொட்டுகிறது. சாவியின் விளிம்பு சதையைக் கிழித்திருக்கிறது. அவனுக்குத் தெரியவே இல்லை. நம் கையாக இருந்தால் வலித்ததுமே விட்டிருப்போம்.

அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் தங்கித் தொழில் கற்க, சி.எம்.சி. வளாகத்தில் குடிசைகள் கட்டி நவஜீவ நிலையம் என்ற இடத்தைத் தொடங்கியிருந்தார்கள். இங்கே இன்னொரு மர்மம். ராத்திரி தூங்கப் போகும்போது நன்றாக இருந்த விரலில், காலையில் சதை காணோம். முறைவைத்துக் கண்விழித்துப் பார்த்ததில் உண்மை தெரிந்தது. எலி கடித்திருக்கிறது! வலி இல்லாததால் யாரும் விழித்துக்கொள்ளவில்லை. அதன்பிறகு ஆளுக்கொரு பூனை வளர்க்கும் ஏற்பாடு வந்தது.

சூடான பாத்திரம், சுத்தியல் பிடி, செருப்பு ஆணி என்று ஒவ்வொரு காயத்துக்கும் பின்னால் ஒரு காரணம் இருந்தது. கைகளையும் கால்களையும் அழித்தது வலி இல்லாமைதான். தச்சு வேலை தெரிந்த பிராண்ட், பிடி தடிமனான கருவிகளைச் செய்து கொடுத்தார். அழுத்தம் ஒரே இடத்தில் விழாமல் பரவுவதற்காக, நுண்துளைகள் கொண்ட மிருதுவான ரப்பரில் செருப்புகள் உருவாயின. இன்று சர்க்கரை நோயாளிகள் கடையில் கேட்டு வாங்கும் எம்.சி.ஆர். செருப்பு அந்த வழியில் வந்ததுதான். தோலுக்கும் ஷூவுக்கும் பெயர்போன ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத்துக்குப் பக்கத்திலேயே, காலைக் காப்பாற்றும் செருப்புக்கான ஆராய்ச்சியும் நடந்தது. 1955-ல் காட்பாடியை அடுத்த கரிகிரியில் தொடங்கிய ஷெஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி மையம் இந்த வேலைகளுக்கு வீடானது.

இல்லாத வலியை அளப்பது எப்படி?

உணர்ச்சி எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று கண்டுபிடிக்க ஆரம்பத்தில் இறகும் ஊசியும்தான் கருவி. ஆனால் இதில் ஒரு சிக்கல். ஒரு டாக்டர் மெதுவாகக் குத்துவார், இன்னொருவர் அழுத்திக் குத்துவார். போன மாதம் கிடைத்த பதிலையும் இந்த மாதம் கிடைத்த பதிலையும் எப்படி ஒப்பிடுவது?

இதற்கு விடை ஒரு நைலான் இழை. ஜெர்மனியில் வேலை செய்த மாக்ஸ் ஃபான் ஃபிரே 1890-களில் குதிரை முடியை வைத்துச் செய்த சோதனையின் நவீன வடிவம் இது. இழையைத் தோலில் வைத்து அழுத்தினால் ஒரு கட்டத்தில் வளைந்துவிடும். வளைந்தபின் எவ்வளவு அழுத்தினாலும் தோலில் விழும் விசை ஏறக்குறைய அதேதான். யார் கையில் பிடித்தாலும் விசை மாறாது. நோயாளி கண்ணை மூடிக்கொண்டு, தொட்டது தெரிகிறதா என்று மட்டும் சொன்னால் போதும்.

பிராண்ட் 1966-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே இந்த இழைகள் தினசரிக் கருவியாயின. எந்த அளவு விசையை உணர முடிந்தால் பாதத்தில் புண் வராமல் தப்பிக்கலாம் என்று அங்கே வேலை செய்த ஜேம்ஸ் பிர்க், டேவிட் சிம்ஸ் இருவரும் ஆராய்ந்து 1986-ல் வெளியிட்டார்கள். விடை: 10 கிராம். இன்று சர்க்கரை நோய் கிளினிக்கில் பாதத்தைத் தொட்டுப் பார்க்கிறார்களே ஒரு மெல்லிய இழை, அது இந்த 10 கிராம் இழைதான்.

அதே தட்டு, வேறு வலி

கார்வில்லில் பிராண்ட் குழு செய்த ஒரு சோதனை முக்கியமானது. எலியின் பாதத்தில் ஒரு இயந்திரம் திரும்பத் திரும்ப மெதுவாகத் தட்டும். ஒரு தட்டு ஒன்றுமே செய்யாது. ஆயிரக்கணக்கான தட்டுகள், நாள் கணக்கில் தொடர்ந்தால் அந்த இடம் சூடேறி வீங்கி, கடைசியில் புண்ணாகிவிடும். பிராண்ட் தன் விரலையே அந்த இயந்திரத்தில் வைத்துப் பார்த்தார். முதலில் சுகமாகக்கூட இருந்தது. நாள் போகப்போக அதே தட்டு தாங்க முடியாத வலியாக மாறியது. இயந்திரத்தின் விசை மாறவில்லை. மாறியது அவருடைய உடல்.

காயம்படும் இடத்தைக் காப்பாற்ற, உடம்பு அங்கே வலியின் அளவுகோலையே இறக்கி வைக்கிறது. ஷூ தொழிற்சாலையில் நாள் முழுக்க ஒரே தையலை ஓட்டுகிறவர், லேப்டாப் முன்னால் ஒரே மாதிரி உட்காருகிறவர் எல்லோருக்கும் இது பழகிய கதை. காலையில் தெரியாத அதே அசைவு மாலையில் குத்தும்.

தீராத வலியை ஏன் அளக்க முடியவில்லை?

3 மாதத்துக்கு மேல் தொடரும் வலியை நாள்பட்ட வலி என்கிறார்கள். முதுகுவலி, மூட்டுவலி, ஃபைப்ரோமயால்ஜியா என்று பல வகை. இவர்களில் பலருக்குக் காயம் ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் இறக்கி வைத்த அளவுகோலை மறுபடி ஏற்றுவதில்லை. லேசாகத் தொட்டாலே வலிக்கும். ஸ்கேன் எடுத்தால் ஒன்றும் இருக்காது. வீட்டில் நடிப்பு என்பார்கள், ஆபீஸில் சாக்கு என்பார்கள். அளந்து காட்ட முடியாததால் நம்ப மறுக்கிறார்கள். இதுதான் இவர்களுடைய இரண்டாவது வலி.

அளக்கவே முடியாது என்றில்லை. அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டும் கருவி, சூட்டைக் கூட்டும் தகடு, குளிர்ந்த நீரில் கையை வைப்பது என்று பல சோதனைகள் உண்டு. எந்த இடத்தில் வலி தொடங்குகிறது என்பது ஒரு அளவு. எதுவரை தாங்க முடிகிறது என்பது வேறு அளவு. இரண்டையும் குழப்பக் கூடாது. நம்பகமான பதில் வேண்டுமென்றால் அதே இடம், அதே கருவி, அதே வேகம், அதே வார்த்தைகளில் விளக்கம், நடுவில் போதிய ஓய்வு வேண்டும். ஏனென்றால் பிராண்டின் விரல் காட்டியதுபோல, திரும்பத் திரும்பச் சோதிப்பதே வலியை மாற்றிவிடும். தூக்கம், பயம், கவலை, முந்தைய நாள் வேலை எல்லாம் எண்ணை ஆட்டி வைக்கும். அதனால் ஒருநாள் கிடைத்த ஒரு எண்ணை வைத்து ஒருவரை எடை போட முடியாது.

இன்னொன்று, 10 கிராம் இழைகூடக் கடைசியில் நோயாளியின் வார்த்தையை நம்பித்தான் வேலை செய்கிறது. தெரிகிறது என்று அவர் சொன்னால் தெரிகிறது, அவ்வளவுதான். உணர்ச்சி இல்லை என்கிறவரை உடனே நம்புகிறோம். வலி அதிகம் என்கிறவரை மட்டும் சந்தேகிக்கிறோம். சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-ல் வலிக்கான வரையறையைத் திருத்தியபோது, வலிக்கிறது என்று ஒருவர் சொல்வதை மதிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தது.

தோற்றுப்போன கையுறை

கார்வில்லில் பிராண்டின் பெரிய கனவு, செயற்கை வலி. கையுறையில் உணர்கருவிகளை வைத்து, அழுத்தம் எல்லை மீறினால் காதில் சத்தம் வரும்படி செய்தார்கள். நோயாளிகள் சத்தத்தைப் பொருட்படுத்தவில்லை. பிறகு மின்அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். வேலை முடியும்வரை நோயாளிகள் சுவிட்சை அணைத்துவிட்டு, பிறகு போட்டுக்கொண்டார்கள்! பல ஆண்டு உழைப்பு கைவிடப்பட்டது. நாம் நினைத்தபடி அணைக்க முடியாததால்தான் வலி நம்மைக் காப்பாற்றுகிறது என்பது அந்தத் தோல்வி சொன்ன பாடம். நாள்பட்ட வலிக்காரர்களின் துன்பம் இதற்கு நேர் எதிர்: ஆபத்து போன பிறகும் அவர்களுடைய மணி ஓய்வதில்லை.

1960-ல் லாஸ்கர் விருது, 1961-ல் பிரிட்டனின் சி.பி.இ. கௌரவம் பிராண்டுக்குக் கிடைத்தன. 1993-ல் ஃபிலிப் யான்சியோடு சேர்ந்து, யாருக்கும் வேண்டாத பரிசு வலி என்று தலைப்பிட்டுப் புத்தகம் எழுதினார். 2003 ஜூலை 8-ல், 88 வயதில் சியாட்டிலில் காலமானார். மனைவி மார்கரெட், தொழுநோயாளிகளின் பார்வையைக் காப்பாற்றிய கண் மருத்துவர்.

தொழுநோய்க்கு இன்று கூட்டுமருந்து சிகிச்சை இருக்கிறது, ஆரம்பத்திலேயே பார்த்தால் குணமாகும். கரிகிரி மையம் இன்றும் இயங்குகிறது. தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் தெரிந்தாலோ, சர்க்கரை நோய் இருந்து பாதம் மரத்தாலோ, வலி 3 மாதமாக விடவில்லை என்றாலோ தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்க. எங்கே, எப்போது, எந்த வேலைக்குப் பிறகு வலிக்கிறது என்று ஒரு வாரம் போனில் குறித்துக்கொண்டு போனால், 10-க்கு எத்தனை என்ற ஒற்றை எண்ணைவிட அது டாக்டருக்கு அதிகம் சொல்லும்.