மருந்தளித்த மேதை டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நம் முன்னோர் கண்ட முடிபு. அச்செல்வத்தைப் பிறர் அடைய வேண்டும் என்பதற்காகத் தம் வாழ்நாள் முழுவதையும் ஆராய்ச்சிக் கூடத்திலே செலவிட்ட பெரியோர் உலகில் சிலரே. அச்சிலருள் ஒருவர் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவர் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர்; சென்னையில் கற்றவர்; அமெரிக்காவில் உழைத்து அங்கேயே மறைந்தவர். பிறந்த ஊரை விட்டுக் கல்வியும் பிழைப்பும் நாடிப் பிற மண்ணில் குடியேறிய நம் போன்றோர்க்கு அவருடைய வரலாறு அயலாருடையதாகத் தோன்றாது. ஆண்டு மலரின் இப்பக்கங்களில் அவரை நினைவு கூர்வோம்.

நாம் வாழும் லிங்கராஜபுரத்துக்கு அண்மையிலே பிரேசர் டவுன் இருக்கிறது. 1898ஆம் ஆண்டில் பெங்களூரைப் பிளேக் நோய் பற்றிக்கொண்டு, பேட்டையிலும் தண்டுப் பகுதியிலும் மக்களை வாரிக்கொண்டு போயிற்று. நெருக்கடியான தெருக்களே நோய்க்கு இடமளிக்கின்றன என்று கண்ட ஆட்சியாளர், காற்றும் வெளிச்சமும் புகக்கூடிய புதிய குடியிருப்புக்களை வகுத்தனர். அவற்றுள் ஒன்றே பிரேசர் டவுன். உடலுட் புகுந்த பிளேக் கிருமியை ஒழிக்கும் மருந்து அந்நாளில் மருத்துவர் கையில் இல்லை. ஆகையால் ஊரை மாற்றி அமைப்பதே வழியாயிற்று. 1994இல் சூரத்து நகரில் பிளேக் தோன்றியபோதோ நிலைமை வேறு. டெட்ராசைக்கிளின் என்னும் மாத்திரை அங்கே வீடுதோறும் சென்றது. அம்மருந்துக் குடும்பத்தின் முதற்பிள்ளை பிறந்தது சுப்பாராவ் தலைமை வகித்த ஆராய்ச்சிக் கூடத்திலேதான்.

1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் சுப்பாராவ் பிறந்தார். தந்தையார் ஜகந்நாதம் நோய்வாய்ப்பட்டு வேலையிலிருந்து முன்னதாகவே ஓய்வு பெற்றமையால், பிள்ளைகள் பலர் கொண்ட அக்குடும்பம் வறுமையில் வாடியது. பள்ளிப் படிப்பில் மனம் செல்லாத சிறுவர், ஒரு முறை காசி யாத்திரிகர்க்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் சேர்க்கலாம் என்று வீட்டை விட்டே புறப்பட்டுவிட்டார். அன்னை வெங்கம்மா அவரைத் தடுத்து அழைத்து வந்து, தம் நகைகளை விற்றுப் படிக்க வைத்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று, மூன்றாம் முறையிலேதான் மெட்ரிகுலேஷன் தேறினார் அவர். பின்னாளில் உலகுக்கு ஒன்றன்பின் ஒன்றாக மருந்துகள் வழங்கியவர் பள்ளித் தேர்வில் இருமுறை தவறியவர் என்பதை நம் இளைஞர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்பை முடித்த பின், துறவு பூண வேண்டும் என்னும் விருப்பம் அவரை இராமகிருஷ்ண மடத்தின்பால் ஈர்த்தது. மருத்துவம் கற்று மக்களுக்குத் தொண்டாற்றுவதே மேல் என்று அங்கே அறிவுரை பெற்றுச் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். 1919இல் சேஷகிரி அம்மையாரை மணந்தார். படிப்புச் செலவுக்கு மாமனார் துணை நின்றார். அது காந்தியடிகளின் அழைப்பு நாடெங்கும் ஒலித்த காலம். சுப்பாராவ் கதராடை அணிந்தே அறுவை வகுப்புக்குச் சென்றார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளில் நன்கு விடை எழுதியும், எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டாமல் அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே அவருக்குக் கிடைத்தது.

இதனினும் பெரிய துயரம் அவர் வீட்டிலே நேர்ந்தது. ஸ்ப்ரூ என்னும் கொடிய வயிற்று நோய், அவருடைய தமையனாரையும் தம்பியையும் குறுகிய கால இடைவெளியில் கொண்டு போயிற்று. நம் நாட்டு வைத்தியர் இதனைக் கிரகணி வகையிற் சேர்ப்பர். உண்ட உணவின் சத்து உடலில் ஒட்டாது, கழிச்சல் நிற்காது, இரத்தம் வெளுத்து, உடல் நாளுக்கு நாள் மெலியும். மருத்துவம் படிக்கும் ஒருவன் கண்முன்னே உடன்பிறந்தார் இருவர் மடிய, கற்ற கல்வியில் அதற்கு மாற்று ஒன்றும் இல்லாமற் போயிற்று. அந்நோயால் தாமும் தாக்குண்டு, ஆயுர்வேத மருந்தால் பிழைத்தார் சுப்பாராவ். பின்னர்ச் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியராகச் சில காலம் பணியாற்றினார். ஆயினும், நோயின் காரணத்தை அறிந்தே தீர வேண்டும் என்னும் வேட்கை அவரை உறங்கவிடவில்லை.

மனைவியை ஊரில் விட்டு, 1922 அக்டோபரில் பாஸ்டன் நகரை அடைந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியிற் படிக்க இடம் கிடைத்ததேயன்றி உதவித்தொகை கிடைக்கவில்லை. ஆகவே இரவு நேரங்களில் மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளின் கழிகலங்களைச் சுத்தம் செய்யும் ஊழியராக உழைத்துப் பொருள் ஈட்டினார். மருத்துவச் சான்றிதழ் பெற்ற ஒருவர் அவ்வேலையை இழிவென்று கருதாமல் செய்தமை அவர் உள்ளத்தின் உறுதிக்குச் சான்றாகும். பட்டயம் பெற்றபின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் பிஸ்கே என்பவருடன் சேர்ந்தார். இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸை அளக்க இருவரும் வகுத்த முறை 1925இல் வெளிவந்தது. 1927இல் தசைகளிலுள்ள பாஸ்போகிரியேட்டினையும், 1929இல் உயிரணுக்களின் ஆற்றற் சேமிப்பாகிய ஏ.டி.பி. என்னும் பொருளையும் அவர்கள் உலகுக்கு அறிவித்தனர். உயிரியல் மாணவர் எவரும் ஏ.டி.பி.யைப் பற்றிப் படியாமல் தேற முடியாது. அதனைக் கண்டவருள் ஒருவர் நம் சென்னையில் கற்றவர் என்பதை அறிந்தோர் சிலரே.

இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பேராசிரியப் பதவி கிட்டவில்லை. 1940இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லே ஆராய்ச்சிக் கூடத்திற் சேர்ந்து, விரைவிலேயே அதன் ஆராய்ச்சித் தலைவரானார். அங்கே அவர் நடத்திய எட்டாண்டு வேள்வியின் பயன்கள் வியப்புக்குரியவை. அவருடைய குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கை முறையில் ஆக்கியதை 1945இல் அறிவித்தனர். அவர்கள் ஆக்கித் தந்த அமினோப்டெரினைக் கொண்டே சிட்னி பார்பர் என்னும் மருத்துவர், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குச் சிறிது காலமேனும் நலம் தந்தார். புற்றுநோய் மருந்துகளின் வரலாற்றில் அது முதற்படிகளுள் ஒன்று. யானைக்கால் நோய்க்கு நம் நாட்டில் இன்றளவும் வழங்கும் டி.இ.சி. மாத்திரையும் அக்கூடத்தின் கொடையே.

அந்நாளில் பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் புகழ் பெற்றிருந்தன. எனினும் அவற்றுக்குக் கட்டுப்படாத கிருமிகள் பல இருந்தன. ஆதலின் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிலே புதிய மருந்தைத் தேட முனைந்த சுப்பாராவின் கூடத்தில், பெஞ்சமின் டக்கர் என்னும் தாவரவியல் அறிஞர் அப்பணியை மேற்கொண்டார். பல்கலைக்கழகப் பணியிலிருந்து ஓய்வு பெற்று எழுபதைக் கடந்தவர் அவர். பற்பல இடங்களிலிருந்து வரவழைத்த மண்ணைச் சோதித்து, 1945இல் மிசௌரி மாநிலத்து வயல் மண்ணிலே பொன்னிற நுண்ணுயிர் ஒன்றைக் கண்டார். அதிலிருந்து பெற்ற மருந்துக்கு ஆரியோமைசின் என்று பெயரிட்டனர். டெட்ராசைக்கிளின் குடும்பத்தில் முதலாவது இதுவே. ஊசியின்றி வாய்வழியே உட்கொள்ளலாம். பலதிறப்பட்ட கிருமிகளையும் அடக்கும். கிருமி வளர்வதற்கு வேண்டிய புரதத்தை ஆக்கும் உறுப்பில் சென்று ஒட்டிக்கொண்டு, அவ்வேலையை நிறுத்திவிடுவதே இதன் இயல்பு. 1948 ஜூலையில் இம்மருந்து அறிவியலாளர் கூட்டத்தில் வெளிப்படையாக அறிவிக்கப்பெற்றது.

ஈண்டு ஒரு செய்தியை நாம் சிறப்பாக எண்ணிப் பார்க்க வேண்டும். சுப்பாராவின் உடன்பிறந்தாரைக் கொன்ற ஸ்ப்ரூ நோய்க்குப் பிற்காலத்து மருத்துவர் கண்ட சிகிச்சை யாது? வெளுத்த இரத்தத்தைத் தேற்ற ஃபோலிக் அமிலம். சிறுகுடலில் அளவிறந்து பெருகிய கிருமிகளை அடக்க டெட்ராசைக்கிளின். இவ்விரண்டின் மூலமும் அவர் தலைமை வகித்த ஒரே கூடத்தில் பிறந்தவை. இழந்தவர்களை அவரால் மீட்க இயலவில்லை. ஆனால் அவர்களைப் போன்று இனியொருவர் மாளாதபடி வழி செய்துவிட்டார்.

ஆரியோமைசின் அறிவிக்கப்பெற்ற மூன்று வாரங்களுக்குள்ளாகவே, 1948 ஆகஸ்டில், உறக்கத்திலேயே நெஞ்சு நோயால் காலமானார் சுப்பாராவ். அப்போது அவருக்கு வயது 53. இருபத்தாறு ஆண்டுகளாகத் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. அமெரிக்கக் குடியுரிமையும் பெறவில்லை. தம் பெயரை முன்னிறுத்தாமல் உடன் உழைத்தோரையே முன்னிறுத்தியவர் அவர். ஆகையால் நோபல் பரிசு முதலிய சிறப்புக்கள் அவரை நாடி வரவில்லை. 1953இல் ஒரு பூஞ்சை இனத்துக்குச் சுப்பாரோமைசெஸ் என்று பெயர் சூட்டினர் அறிவியலார். நூற்றாண்டு விழாவின்போது, 1995இல், இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது.

வரலாறு இத்துடன் நின்றிருப்பின் நாம் மகிழ்ந்து அமையலாம். ஆனால் அவர் மறைந்த பின்னரும் அம்மருந்தின் கதை தொடர்ந்தது. அதே லெடர்லே கூடத்தில், ஆரியோமைசின் வடித்தபின் எஞ்சிய கழிவைக் கோழிக் குஞ்சுகளுக்கு ஊட்டியபோது அவை விரைந்து வளரக் கண்டனர். 1950இல் இச்செய்தி வெளிவந்தது. நோயாளியின் உயிர் காக்கப் பிறந்த மருந்து, நோயற்ற கோழிக்கும் பன்றிக்கும் தீவனமாக டன் கணக்கிற் கொட்டப்பட்டது. கிருமிகளோ வாளா இருக்கவில்லை. ஜப்பான் நாட்டிலே 1950களின் பிற்பகுதியில், டெட்ராசைக்கிளின் உட்பட நான்கு மருந்துகளுக்கும் அடங்காத சீதபேதிக் கிருமிகள் தோன்றின. எதிர்ப்பாற்றலை ஒரு கிருமி மற்றொரு கிருமிக்குக் கைம்மாற்றித் தர வல்லது என்பதை அந்நாட்டு அறிஞர்கள் 1959இல் நிறுவினர்.

சுப்பாராவ் முதன்முதல் வந்திறங்கிய பாஸ்டன் நகரத்திலேயே, ஸ்டூவர்ட் லெவி என்னும் நுண்ணுயிரியல் பேராசிரியர் இவ்வாராய்ச்சியை மேற்கொண்டார். டெட்ராசைக்கிளின் வகை மருந்து கலந்த தீவனத்தைக் கோழிகளுக்கு ஊட்டிப் பார்த்தார். சில நாட்களிலேயே அக்கோழிகளின் குடலில் மருந்துக்கு அஞ்சாத கிருமிகள் நிறைந்தன. சில மாதங்களில், அத்தீவனத்தைத் தொட்டும் உண்ணாத பண்ணைக் குடும்பத்தார் உடலிலும் அவை குடியேறின. 1976இல் இம்முடிவு வெளிவந்தது. உட்புகும் மருந்தைக் கிருமி தன் உடலினின்று வெளியே இறைத்துவிடுகிறது என்பதையும் அவருடைய குழுவினர் 1980இல் கண்டனர். கிணற்றில் ஊறும் நீரை ஏற்றம் இறைத்துக் கொட்டுவது போன்றது இது.

இன்று அத்தகைய கிருமிகள் உலகெங்கும் பரவியுள்ளன. 2019ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் உயிர்கள் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரடியாகப் போயின என்று 2022இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. நம் நாட்டிலும் அறிஞர்கள் வாளா இருந்திலர். 2012இல் மருத்துவர் பலர் கூடிச் சென்னைப் பிரகடனத்தை வெளியிட்டனர். 2014 முதல் வலிமை மிக்க கிருமிக்கொல்லிகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்பதற்குத் தனிக் கட்டுப்பாடு வந்தது. கடைசி மருந்தாகக் காக்கப்படும் கொலிஸ்டினைக் கால்நடைத் தீவனத்திற் சேர்ப்பது 2019இல் தடை செய்யப்பட்டது.

சட்டம் செய்வது ஒரு பகுதி. எஞ்சியது நம் கையில் உள்ளது. நாம் நாள்தோறும் காண்பது யாது? இலேசான சளி பிடித்தால் மருந்துக் கடைக்குச் சென்று இரண்டு மாத்திரை கேட்கிறோம். சளியை உண்டாக்குவது பெரும்பாலும் வைரஸ். அதற்கும் கிருமிக்கொல்லிக்கும் சம்பந்தமே இல்லை. மருத்துவர் ஐந்து நாள் எழுதித் தந்தால் இரண்டு நாளில் நாமாகவே நிறுத்திவிட்டு, மிச்சத்தை அடுத்த வீட்டுக் குழந்தைக்கு அன்போடு கொடுக்கிறோம். இவை உதவி அல்ல. கிருமிக்கு நாம் அளிக்கும் பயிற்சி. மாத்திரை அட்டையின் மேல் சிவப்புக் கோடு இருந்தால், மருத்துவர் சொல்லின்றி அதனைத் தொடலாகாது என்பதை வீட்டுப் பெண்டிரும் பிள்ளைகளும் அறிந்திருத்தல் நலம்.

வேறு பொருள்களை நாம் வீணாக்கினால் நட்டம் நமக்கு மட்டுமே. கிருமிக்கொல்லியை வீணாக்கினாலோ நட்டம் ஊருக்கும் உலகுக்கும் ஆகும். ஏனெனில் ஒருவர் உடலில் பழகிய கிருமி அடுத்தவர் உடலுக்குச் செல்லும். ஆகையால் இம்மருந்துகளை ஊர்ப் பொதுக் குளத்து நீரைப் போலக் காக்கக் கடமைப்பட்டுள்ளோம். மருந்து இல்லாமையால் உடன்பிறந்தார் இருவரை இழந்தார் சுப்பாராவ்; தம் உயிரைத் தேய்த்து நமக்கு மருந்தளித்துச் சென்றார். மருந்து இருந்தும் அது பயன்படாமல் நம் உடன்பிறந்தாரை இழக்கும் நிலை நம்மால் நேராதிருக்கட்டும்.