குழந்தைத் தோட்டம் கண்ட புரோபெல்

நீண்ட பயிற்சி எத்தொழிலுக்கு வேண்டும் என வினவின், மருத்துவத்திற்கு என்பார் சிலர். சட்டத்திற்கு என்பார் சிலர். நான்கு வயதுக் குழந்தையோடு பந்தாடுதற்குப் பயிற்சி வேண்டும் என்று ஒருவர் கூறுவாராயின், அவரைக் கண்டு நகைப்பவரே மிகுதியாவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜெர்மனி தேசத்தில் அங்ஙனம் கூறி, அங்ஙனமே நகைக்கப்பெற்ற முதியவர் ஒருவர் வாழ்ந்தார். அவரே பிரெடரிக் புரோபெல் என்னும் பெரியார். கிண்டர்கார்ட்டன் என்று உலகெங்கும் வழங்கும் பள்ளிக்கு அப்பெயரை இட்டவர் அவர் என்பதைப் பலர் அறிவர். அப்பள்ளியிற் கற்பிப்போர்க்குத் தனிப்பயிற்சி வேண்டும் எனத் துணிந்து, அதனைத் தாமே தொடங்கி நடத்தியவரும் அவரே என்பதைச் சிலரே அறிவர். ஆசிரியத் தொழிலை மேற்கொள்ளக் கருதும் மாணவர் நம்மிடையே என்றும் உளராதலின், அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

அன்னையற்ற இளமை

புரோபெல் 1782-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 21-ஆம் நாள், காடடர்ந்த மலைநாடாகிய தூரிங்கியாவில் ஓபர்வைஸ்பாக் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் லுத்தரன் திருச்சபையில் குருவானவர். குழந்தைக்கு ஓராண்டு நிறைதற்குள் அன்னையார் இறந்துபட்டார். தந்தையார்க்கோ திருச்சபைக் கடமைகள் பல; மகனோடு அளவளாவ நேரம் வாய்த்திலது. பின்னர் வந்த மாற்றாந்தாய் தொடக்கத்தில் அன்பு பாராட்டினும், தமக்கு ஒரு மகன் பிறந்தபின் அவ்வன்பை மாற்றிக்கொண்டார். தனித்து விடப்பட்ட சிறுவர்க்கு வீட்டைச் சூழ்ந்த தோட்டமும் அதனிடையே மலர்ந்த செடிகளுமே துணையாயின. தந்தையார் அவரை ஆண்பிள்ளைகள் பள்ளிக்கு அனுப்பாது, பெண்கள் பள்ளியிற் சேர்த்தார். அங்குள்ள ஒழுங்கும் அமைதியும் அவருள்ளத்தில் ஆழப் பதிந்தன. பத்தாம் வயதில் தாய்மாமனார் அவரைத் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்று அன்புடன் பேணினார். அன்பின்மை குழந்தையை எங்ஙனம் வாட்டும் என்பதையும், அன்பு அதனை எங்ஙனம் தளிர்ப்பிக்கும் என்பதையும் நூல் வாயிலாக அன்றி வாழ்க்கை வாயிலாகவே அவர் கற்றார் எனலாம்.

பட்டம் பெறாத மாணவர்

1797-ஆம் ஆண்டில் அவர் காட்டு அதிகாரி ஒருவரிடம் தொழில் பழகச் சென்றார். இரண்டு ஆண்டுகள் கழிந்தும் தொழில் முறையாகக் கைவரவில்லை. 1799-ஆம் ஆண்டில் யேனா சர்வகலாசாலையை அடைந்தார். தம் கையிலிருந்த சிறு தொகையைத் தமையனார் ஒருவர்க்குக் கடனாக ஈந்தார், அது திரும்பவில்லை. உணவுச் செலவிற்குப் பட்ட கடனுக்காக ஒன்பது வாரம் சர்வகலாசாலைச் சிறையில் அடைபட்டு, கல்வி முற்றுப்பெறாமலே வீடு திரும்பினார். பின்னர் நில அளவை, கணக்கு, எழுத்து வேலை எனப் பல தொழில்கள் மாறினார். எதிலும் மனம் நிலைத்திலது.

1805-ஆம் ஆண்டில் கட்டடக்கலை பயிலும் நோக்கத்துடன் பிராங்பர்ட் நகரம் சென்றார். அங்கே மாதிரிப் பள்ளியொன்றின் தலைவராகிய குரூனர் என்பார் இவரோடு பழகி, இவரிடம் ஆசிரியர்க்குரிய இயல்பு இருத்தலைக் கண்டு, கட்டடக்கலையை விடுத்துத் தம் பள்ளியிற் பணி ஏற்குமாறு வேண்டினார். புரோபெல் இசைந்தார். வகுப்பின் முன் நின்ற பொழுது, நீரைச் சேர்ந்த மீன்போலத் தாம் உணர்ந்ததாகத் தமையனார்க்கு எழுதினார்.

ஈண்டு நாம் ஒன்று கருதுதல் வேண்டும். தமக்குரிய தொழில் இதுவே எனக் கண்டவுடன், இனிக் கற்கவேண்டுவது ஒன்றுமில்லை என அவர் எண்ணினாரல்லர். உள்ளத்து விருப்பம் வேறு, கற்பிக்கும் திறம் வேறு என்பதை உணர்ந்தார். அந்நாளில் சுவிட்சர்லாந்தின் ஈவெர்டன் நகரில் புகழ்பெற்று விளங்கிய பெஸ்டலாசி என்னும் கல்விப் பெரியாரிடம் அவ்வாண்டிலேயே சென்று, இரண்டு வாரம் தங்கி அவர் முறையைக் கண்டார். அஃது அமையாதென மீண்டும் 1808-ஆம் ஆண்டில், தம்மிடம் வீட்டில் பயின்ற மாணவரையும் உடனழைத்துக்கொண்டு சென்று, 1810-ஆம் ஆண்டுவரை அங்கே தங்கினார். பகலில் ஆசிரியராகவும் மாணவராகவும் ஒருங்கே விளங்கினார். பெஸ்டலாசியின் அன்பு அவரைக் கவர்ந்தது. ஆயினும் பள்ளிக்கு வருமுன் கழியும் பருவத்தைப் பற்றி ஆழ்ந்து ஆராய்தற்கு இன்னும் இடமுண்டு எனக் கண்டார்.

அடுத்துக் கெட்டிங்கன், பெர்லின் சர்வகலாசாலைகளில் இயற்கை நூல்களைக் கற்றார். கனிப்பொருட் படிகங்களை ஆராய்ந்தபொழுது, உயிரற்ற கல்லும் ஓர் உள்விதிக்கு இயைந்து உருப்பெறுதலைக் கண்டு வியந்தார். மனிதக் குழந்தையும் அங்ஙனமே உள்ளிருந்து மலர்வது, வெளியிலிருந்து வார்க்கப்படுவதன்று என்னும் கொள்கை அவரிடம் வேரூன்றியது.

கைல்ஹாவ் பள்ளி

1813-ஆம் ஆண்டில் நெப்போலியனை எதிர்த்த போரில் தொண்டர் படையிற் சேர்ந்தார். அங்கே லாங்கெதால், மிடன்டார்ப் என்னும் இளைஞர் இருவர் வாழ்நாள் நண்பராயினர். அவ்வாண்டிலேயே அன்பிற்குரிய தமையனார் கிறிஸ்தோப் காய்ச்சலால் இறந்தார். தந்தையை இழந்த அம்மைந்தர்க்குக் கற்பிக்கும் பொருட்டு, பெர்லின் கனிப்பொருட் காட்சிச்சாலையில் தாம் வகித்த உத்தியோகத்தைத் துறந்து, 1816-ஆம் ஆண்டு கிரீஸ்ஹைம் என்னும் சிற்றூரில் ஐந்து மாணவரோடு பள்ளியொன்று தொடங்கினார். ஐவரும் அவர்தம் சகோதரரின் புதல்வரே. அடுத்த ஆண்டில் அப்பள்ளி கைல்ஹாவ் என்னும் ஊருக்கு மாறியது. 1826-ஆம் ஆண்டில் மனிதனின் கல்வி என்னும் தம் பெருநூலை வெளியிட்டார். அரசியல் ஐயங்களால் பள்ளி நலிவுற்றது, வறுமையும் வருத்தியது. 1831-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து சென்று, பர்க்டார்ப் நகரில் அனாதைப் பிள்ளைகள் இல்லத்தை நடத்தியதோடு, ஆசிரியர்க்குப் பயிற்சியும் அளித்தார். பள்ளிக்கு வரும் பிள்ளைகள் அதற்கு முன்னுள்ள ஆண்டுகளிற் பேணப்படாமையாற் குன்றியிருத்தலை அங்கே தெளிவுறக் கண்டார்.

விளையாட்டும் அதன் நுட்பமும்

1837-ஆம் ஆண்டில், ஐம்பத்தைந்து வயதினராகிய புரோபெல், பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் சிறுகுழந்தைகளுக்கென ஒரு நிலையம் அமைத்தார். அதற்கு ஏற்ற பெயர் நெடுநாள் வாய்த்திலது. ஒருநாள் நண்பரோடு மலைவழியே நடந்து செல்கையில், கீழே தோட்டம்போல விரிந்த பள்ளத்தாக்கைக் கண்டவுடன் குழந்தைத் தோட்டம் என்னும் பெயர் அவர் உள்ளத்தில் தோன்றியது என்பர். 1840-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 28-ஆம் நாள் அப்பெயர் உலகறிய அறிவிக்கப்பட்டது.

அங்கே அவர் அமைத்த விளையாட்டுப் பொருள்களுக்குக் கொடைகள் என்று பெயர். முதற்கொடை கம்பளி நூலாலாய ஆறு பந்துகள். சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என்பன அவற்றின் நிறங்கள். இரண்டாங் கொடை மரத்தாலாய உருண்டை, கனசதுரம், உருளை என்னும் மூன்று. மூன்றாங் கொடை எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பகுக்கப்பட்ட ஒரு கனசதுரம். இதனைக் குழந்தையின் முன் வைக்கும் முறையை நோக்குவோம். பெட்டியைத் திறந்து கொட்டிவிடுதல் கூடாது. கவிழ்த்து வைத்து, மூடியை மெல்ல உருவி, பெட்டியை மேலே தூக்குதல் வேண்டும். எட்டுத் துண்டங்களும் சிதறாமல் ஒரே கனசதுரமாய் நிற்கும். முழுமையை முதலிற் கண்ட குழந்தை, பின்னரே பகுதிகளைக் காணும். அவற்றால் நாற்காலியும் படிக்கட்டும் கட்டும். விண்மீன்போன்ற கோலங்கள் அமைக்கும். பாதி, கால், அரைக்கால் என்னும் கணக்கைப் பெயரறியாமலே கையால் அறியும். ஓர் உருவைச் சிதைத்து வேறொன்று தொடங்காது, உள்ளதையே மாற்றிப் புதிதாக்கும். எத்துண்டமும் பயனின்றிக் கிடத்தல் ஆகாது. முடிவில் அனைத்தும் மீண்டும் ஒன்றாகிப் பெட்டியுட் சேரும்.

இவற்றோடு காகித மடிப்பும், களிமண் வேலையும், பாட்டும், வட்டமாய் நின்றாடும் ஆட்டமும் இருந்தன. குழந்தைகள் தம் கையாற் பயிரிடும் சிறு பாத்திகளும் அவர் திட்டத்தில் இடம்பெற்றன.

ஆசிரியைகளின் பயிற்சி

இப்பொருள்களை விலைக்கு வாங்குதல் எளிது. எப்பொழுது காட்டுவது, எப்பொழுது வாளாவிருப்பது, குழந்தை தானே கண்டுபிடிக்கவேண்டியதை எங்ஙனம் சொல்லாது விடுவது என்பன விலைக்குக் கிடைப்பனவல்ல. பயிற்சியில்லாதார் கையில் கொடைகள் வெறும் மரத்துண்டங்களே. இதனை உணர்ந்த புரோபெல் 1839-ஆம் ஆண்டுமுதல் குழந்தைகளை வழிநடத்துவோர்க்குப் பயிற்சி வகுப்புகள் நடத்தினார். அவ்வாண்டிலேயே வாழ்க்கைத்துணைவியாரை இழந்தார்; எனினும் தளர்ந்திலர். முதலில் இளைஞரையே எதிர்நோக்கியவர், சின்னாளில் இப்பணிக்கு மகளிரே மிகவும் உரியர் எனக் கண்டு அவர்பாற் கருத்தைச் செலுத்தினார். சர்வகலாசாலையின் கதவு பெண்களுக்கு மூடிக்கிடந்த காலம் அது. அக்காலத்தில் கற்றறிந்து, தேர்ச்சி பெற்று, மதிப்புடன் வாழ்தற்கேற்ற ஒரு தொழிலை அவர் மகளிர்க்குத் திறந்து வைத்தார். குழந்தைத் தோட்டக்காரி என்பதே அவர்கள் பெற்ற பெயர்.

1848-ஆம் ஆண்டில் ருடோல்ஸ்டாட் நகரிற் கூடிய ஆசிரியர் கூட்டத்தில் தம் முறையை விளக்கினார். ஏளனம் செய்தாரும் இருந்தனர். எனினும் இறுதியில் ஆதரவு பெற்றார். 1849-ஆம் ஆண்டில் லீபன்ஸ்டைனுக்குச் சென்று, பின்னர் அருகிலுள்ள மாரியந்தால் மாளிகையில் மகளிர் பயிற்சிச்சாலையை நடத்தினார். ஊரார் சிலர் குடியானவர் பிள்ளைகளோடு ஆடிப்பாடும் கிழவர் என அவரை எள்ளினர். ஆங்கு வந்திருந்த மாரன்ஹோல்ட்ஸ் பியூலோ சீமாட்டியார் அவர்தம் பெருமையை உணர்ந்து, அப்பணிக்கே தம் வாழ்வை உரிமையாக்கினார்.

தடையும் மறைவும்

1851-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பேரிடி வீழ்ந்தது. குழந்தைத் தோட்டங்கள் நாத்திகமும் பொதுவுடைமையும் பரப்புவன எனக் கூறிப் பிரஷ்ய அரசாங்கம் அவற்றைத் தடைசெய்தது. அவர் சகோதரர் மகனாகிய கார்ல் புரோபெல் எழுதியவற்றை இவர் கொள்கையோடு சேர்த்துக் குழப்பியதே அதற்குக் காரணம். இறைவனும் இயற்கையும் மனிதனும் ஒன்றுபட்டு நிற்றலையே வாழ்நாளெல்லாம் போதித்தவர்மேல் நாத்திகப் பழி சுமந்தது. தம் நூல்களை ஆராய்ந்து தீர்ப்பளிக்குமாறு வேண்டினார், பயனில்லை. 1852-ஆம் ஆண்டில் கோதா நகரில் நிகழ்ந்த ஆசிரியர் மாநாட்டில் அவர் நுழைந்தபொழுது அவையோர் அனைவரும் எழுந்து நின்றனர். அம்மரியாதை பெற்ற சில வாரங்களுள், ஜூன் மாதம் 21-ஆம் நாள், மாரியந்தாலில் உயிர் நீத்தார். ஷ்வைனா என்னும் ஊரில் அவர் கல்லறைமேல் கனசதுரம், உருளை, உருண்டை என்னும் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன.

தடை 1860-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அதனைக் காண அவர் இருந்திலர். ஆயின் அவர் பயிற்றிய மகளிர் இருந்தனர். அவரும் அவர்தம் மாணவியரும் பல நாடுகளுக்குச் சென்றனர். 1856-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாட்டர்டவுனில் மார்கரெட் ஷுர்ஸ் அம்மையாரும், 1873-ஆம் ஆண்டில் செயின்ட் லூயி நகர அரசாங்கப் பள்ளியில் சூசன் புளோ அம்மையாரும் குழந்தைத் தோட்டம் தொடங்கினர். 1876-ஆம் ஆண்டில் தோக்கியோவின் மகளிர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலும் ஒன்று எழுந்தது. இங்கிலாந்தில் 1887-ஆம் ஆண்டில் தேசிய புரோபெல் சங்கம் நிறுவப்பட்டு, இத்துறை ஆசிரியர்க்குப் பரீட்சை நடத்தித் தகுதிப் பத்திரம் வழங்கியது. கட்டளையால் பள்ளியை மூடலாம். பயின்றார் உள்ளத்திற் புகுந்த கலையை மூடுதல் இயலாது.

புரோபெல் எப்பட்டமும் பெற்றவரல்லர். எனினும் பயிற்சி வேண்டா என்று அவர் கூறவில்லை. பன்முறை தவறி, முதுமைவரை தேடிக் கண்டதைப் பிறர் அங்ஙனம் இடர்ப்படாது பெறுதல் வேண்டும் என்பதே அவர் கருத்து. தகுதிப் பத்திரம் உத்தியோகத்திற்கு வாயில் என்று மட்டும் கருதுவோர் அதன் ஒரு பாதியையே அறிந்தவராவர். பேசத் தெரியாத பருவத்தில் தன்னிடம் ஒப்படைக்கப்படும் உயிரைக் கெடுக்கமாட்டேன் என்று ஆசிரியர் கொடுக்கும் உறுதிமொழியே அதன் மறு பாதி. உயர்ந்த வகுப்பு மாணவன் ஆசிரியரின் குறையைத் தானே உணர்ந்து நீக்கிக்கொள்வான். குழந்தையோ அக்குறையையும் உண்மையென்றே ஏற்கும். ஆதலின் இளைய குழந்தையின் ஆசிரியர்க்கே மிகுந்த பயிற்சி வேண்டும். இக்கல்லூரியினின்று சிறுவர் பள்ளிகளுக்குச் செல்லும் நண்பர்கள், தாம் சிறிய பணிக்குச் செல்வதாக எண்ணாதிருப்பாராக.