அஞ்சல் சாவடி வேலை போச்சு... 15 ஆண்டில் பேரரசையே கவிழ்த்தவர்! யார் இந்த லி சிச்செங்?

செலவைக் குறைக்க ஒரு அரசு ஆட்குறைப்பு செய்தது. அதில் வேலை இழந்ததாகச் சொல்லப்படும் ஒருவர், 15 ஆண்டுகள் கழித்து அதே அரசின் தலைநகருக்குள் படையோடு நுழைந்தார். 276 ஆண்டுகள் நீடித்த மிங் வம்சத்தின் கையை விட்டு பெய்ஜிங் போனது. அவர்தான் லி சிச்செங். ஆனால், ஒரே ஆளால் ஒரு பேரரசு சரிந்துவிடுமா? உண்மையில் என்ன நடந்தது?

நெடுநாள் புகைச்சல்

லி பிறந்தது 1606-ல், வறண்ட ஷான்ஷி மாகாணத்தில். அப்போதே பிரச்னை முற்றிப் போயிருந்தது. முன்பு தானியமாகக் கட்டிய வரியை, மக்கள் வெள்ளியாகக் கட்ட வேண்டிய நிலை. வயலில் வெள்ளியா விளையும்? அறுவடை நேரத்தில் அடிமாட்டு விலைக்கு தானியத்தை விற்றுத்தான் வெள்ளி வாங்க வேண்டும். அரச குடும்பத்தினருக்கும் அதிகாரிகளுக்கும் வரிச்சலுகை இருந்ததால், மொத்தச் சுமையும் ஏழை விவசாயி தலையில்தான்.

1618-ல் வடகிழக்கில் மஞ்சுக்களோடு போர் தொடங்கியது. போர்ச் செலவுக்கு இன்னொரு கூடுதல் வரி. அரண்மனையிலோ, அரவாணி அதிகாரிகளுக்கும் அமைச்சர்களுக்கும் இடையே ஓயாத கோஷ்டிப் பூசல்.

பற்ற வைத்த பொறி

1628-ல் ஷான்ஷியில் கடும் வறட்சி. சாப்பாட்டுக்கே வழியில்லை, ஆனால் வரி வசூல் நிற்கவில்லை. படைவீரர்களுக்கும் சம்பளப் பாக்கி.

இந்த நேரத்தில்தான், 1629-ல், பேரரசர் சோங்சென் அஞ்சல் சாவடிகளுக்கான செலவை வெட்டினார். அதிகாரிகள் இந்தச் சாவடிகளை இஷ்டத்துக்குப் பயன்படுத்தியது உண்மைதான். ஆனால் வெட்டு விழுந்தது, குதிரை மேய்த்து கடிதம் சுமந்த ஏழைகளின் வயிற்றில். பஞ்சம் பாதித்த ஊரில் வேறு வேலை ஏது? பலர் கலகக் கும்பல்களில் சேர்ந்தார்கள். லியும் சேர்ந்தார்.

தலைவரான லி

கலகத் தலைவர் காவ் யிங்ஸியாங் 1636-ல் பிடிபட்டுக் கொல்லப்பட, அவரது பட்டம் லிக்கு வந்தது. 1638-ல் பலத்த அடி. மிஞ்சிய சிலரோடு மலைக்குள் பதுங்கினார். அத்தோடு கதை முடிந்தது என்றே அரசு நினைத்தது.

ஆனால் ஹெனான் மாகாணத்திலும் பஞ்சம். லி அங்கே வந்ததும், பசித்தவர்கள் கூட்டம் கூட்டமாகப் பின்னால் திரண்டார்கள். வரியே இல்லை என்பதுதான் அவர் தந்த வாக்குறுதி. 1641-ல் லுவோயாங் நகரைப் பிடித்து, பெரும் செல்வந்தரான பேரரசரின் சித்தப்பாவைக் கொன்று, அவரது தானியத்தை மக்களுக்குக் கொடுத்தார்.

40 நாள் ஆட்சி

1644 ஏப்ரல் 25. லியின் படை பெய்ஜிங்குக்குள் வந்தது. அரண்மனைக்குப் பின்னால் உள்ள குன்றில் சோங்சென் தூக்கிட்டு உயிரை விட்டார்.

வென்ற பிறகுதான் லி சறுக்கினார். வெள்ளி கேட்டு அதிகாரிகளைச் சித்திரவதை செய்தது அவரது படை. எல்லைக் கோட்டையான ஷான்ஹைகுவானைக் காத்துவந்த தளபதி வூ சாங்குய், மஞ்சுக்களோடு கைகோத்தார். மே 27-ல் லிக்குப் படுதோல்வி. ஜூன் 3-ல் அவசர அவசரமாக முடிசூடி, மறுநாளே அரண்மனைக்குத் தீ வைத்துவிட்டு வெளியேறினார். 1645-ல் ஹுபெய் பகுதியில் அவர் இறந்ததாகப் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள்.

பலன் யாருக்கு?

மஞ்சுக்களின் சிங் வம்சம் 1912 வரை சீனாவை ஆண்டது. மிங் அரசு மிச்சப்படுத்த நினைத்தது சாவடிச் செலவை, பறிகொடுத்தது தலைநகரை. வெட்டு மட்டுமே காரணமல்ல. வரியும் போரும் பஞ்சமும் ஏற்கெனவே காயவைத்த வைக்கோலில் விழுந்த பொறி அது. வரியில்லை என்று சொல்லி வளர்ந்த லியும், வெள்ளிக்காகக் கைநீட்டியதும் 40 நாளில் காணாமல் போனார்.