உருமாற்றம் பாடிய ஓவிட்

‘லார்வா’ என்ற சொல்லை விலங்கியல் மாணவர்களாகிய நாங்கள் நாள்தோறும் உச்சரிக்கிறோம். இலத்தீனில் அது பேய்க்கும் முகமூடிக்கும் பெயர் என்பதை நினைப்பதில்லை. ஓநாயாக மாறும் மனிதனை அம்மொழி ‘வெர்சிபெல்லிஸ்’ என்றது. தோலை மாற்றிக்கொள்பவன் என்று பொருள். நினைத்த உருவெல்லாம் எடுத்த கடல் தேவன் புரோட்டியஸின் பெயரை இன்று ஓர் அமீபா சுமக்கிறது. இத்தகைய உருமாறிகளுக்கென்றே ஒரு பெருங்காப்பியம் பாடிய கவிஞர் ஓவிட்.

கி.மு. 43-இல் இத்தாலியின் மலைநாட்டுச் சுல்மோ நகரில் பிறந்தார். மகன் வழக்கறிஞனாகிப் பதவி பெற வேண்டும் என்பது தந்தையின் ஆசை. கவிதை சோறு போடாது என்று அவர் கண்டித்தாராம். (நம் வீடுகளில் கேட்காத பேச்சா இது!) ரோமில் படித்தார், சிறு பதவிகள் சில வகித்தார், பின் அனைத்தையும் உதறிவிட்டுப் பாட்டில் இறங்கினார். காதற் பாடல்கள் பெரும்புகழ் தந்தன.

‘மெட்டமார்போசஸ்’ 15 பகுதிகள் கொண்டது. ஏறத்தாழ 12,000 அடிகள். கொடுங்கோலன் லைக்கேயன் அதில் ஓநாயாகிறான். ஆனால் நரைமயிரும் கண்ணின் கொடுமையும் அப்படியே இருக்கின்றன. ஐயோ என்னும் பெண் பசுவாகிறாள். பேச வாயெடுத்தால் கதறல்தான் வருகிறது. தந்தை அவளை அறியாமல் புல் ஊட்டுகிறார். அவள் குளம்பால் புழுதியில் தன் பெயரை எழுதிக் காட்டுகிறாள். உடல் மாறிய பின்னும் எழுத்து அவளை விட்டுப் போகவில்லை. நூல் முழுவதிலும் என்னை உலுக்கிய இடம் இதுவே.

கி.பி. 8-இல் பேரரசர் அகஸ்டஸ் அவரைக் கருங்கடற்கரைத் தோமிஸ் நகருக்கு நாடு கடத்தினார். இன்றைய ருமேனியாவின் கான்ஸ்டன்சா அது. தம் கவிதையொன்றும் ஒரு பிழையும் காரணம் என்றார் ஓவிட். பிழை யாதென்று கடைசிவரை சொல்லவில்லை. மனைவி ரோமிலேயே தங்கினார். காப்பியத்தைத் தாமே நெருப்பிலிட்டதாக எழுதுகிறார். நல்லவேளை, நண்பர்களிடம் படிகள் இருந்தன.

தோமிஸில் இலத்தீன் பேச ஆளில்லை. சொற்கள் நழுவுகின்றன என்று மடல் மடலாகப் புலம்பினார். அந்தப் புலம்பல் அளவு கடந்தது என்போர் உண்டு. இரண்டாண்டு விடுதி வாசத்திலேயே தமிழ்ச் சொல்லுக்குத் தடுமாறும் எனக்கு அவரைக் குறைகூற மனம் வரவில்லை. மெல்ல மெல்ல அவ்வூரார் மொழியைக் கற்றார். அதிலேயே ஒரு கவிதையும் இயற்றினார். அவ்வூரார் அவரைப் போற்றி வரிவிலக்கு அளித்தனர்.

அகஸ்டஸ் மறைந்தார், அடுத்து வந்த திபேரியஸும் அழைக்கவில்லை. கி.பி. 17 அளவில் ஓவிட் அங்கேயே மாண்டார். 2017 டிசம்பரில் ரோம் நகர மன்றம் அத்தண்டனையை நீக்கித் தீர்மானம் நிறைவேற்றியது. தோமிஸ் மக்கள் மொழியில் அவர் பாடிய கவிதையில் ஓரடியும் கிடைக்கவில்லை.