கடல் கடந்து கற்ற காரிகை

மேற்படிப்பிற்காக அயல்நாடு செல்வது இக்காலத்தில் பெரிய வியப்பிற்குரிய செய்தியன்று. நம் வகுப்பறைகளிலேயே அந்தக் கனவோடு அமர்ந்திருப்போர் பலர். ஆனால் 1883-ஆம் ஆண்டில், பதினெட்டே வயதான ஓர் இந்துப் பெண், கணவர் துணையுமின்றி, மருத்துவம் பயில அமெரிக்காவிற்குக் கப்பலேறினாள் என்றால், அவள் பிறந்த சமூகம் அதை எப்படி ஏற்றிருக்கும்? ஏற்கவில்லை என்பதே உண்மை. அப்பெண்ணின் பெயர் ஆனந்திபாய் ஜோஷி.

1865 மார்ச்சுத் திங்களில் மராட்டிய அந்தணர் குடும்பமொன்றில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் யமுனா. ஒன்பது வயதில், தம்மைவிட ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மூத்தவரான கோபால்ராவ் ஜோஷிக்கு மணம் செய்விக்கப்பட்டு ஆனந்தி ஆனார். கோபால்ராவ் அஞ்சல் துறை எழுத்தர். மனைவிக்குக் கல்வி புகட்டியே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்த விந்தை மனிதர். மற்றக் கணவன்மார் மனைவி புத்தகத்தைத் தொட்டால் சினந்தார்கள். இவரோ தொடாவிட்டால் சினந்தார். அச்சினம் அடியாகவும் விழுந்தது. பின்னாளில் அமெரிக்காவிலிருந்து கணவருக்கு எழுதிய மடல் ஒன்றில், சிறு வயதில் தாம் பட்ட அடிகளையும், விட்டுப் போய்விடுவேன் என்ற அச்சுறுத்தல்களையும் ஆனந்திபாய் ஒளிக்காமல் எடுத்துக் கூறியுள்ளார். இருப்பினும், தாம் அடைந்த உயர்வுக்கு அவரே காரணம் என்பதையும் அவர் மறுத்ததில்லை. கோபால்ராவை வாழ்த்துவதா, வைவதா என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

பதினான்காம் வயதில் ஓர் ஆண் மகவை ஈன்றார். உரிய மருத்துவ உதவி கிட்டாமல் அக்குழந்தை பத்து நாள்களே உயிர் வாழ்ந்தது. ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட நாணி, நோயை மறைத்தே மடிந்த பெண்கள் மிகுந்திருந்த காலம் அது. தாம் மருத்துவராக வேண்டும் என்ற எண்ணம் அந்தத் துயரத்திலிருந்துதான் முளைத்தது.

1880-இல் கோபால்ராவ், ராயல் வைல்டர் என்ற அமெரிக்கப் பாதிரியாருக்கு உதவி வேண்டி மடல் எழுதினார். கிறித்தவத்தைத் தழுவினால் ஆகட்டும் என்ற பொருளில் மறுமொழி வந்தது. தம்பதியர் அதற்கு இசையவில்லை. அத்தோடு முடிந்திருக்க வேண்டிய கதை அது. ஆனால் பாதிரியார் அம்மடலைத் தம் இதழில் அச்சிட்டார். நியூ ஜெர்சி மாநிலத்து ரோசெல் என்னும் ஊரில் வாழ்ந்த தியோடிசியா கார்ப்பெண்டர் என்ற அம்மையார், பல் மருத்துவரைக் காணச் சென்றவிடத்தில் அவ்விதழைத் தற்செயலாகப் புரட்டினார். முன்பின் அறியாத அப்பெண்ணுக்காக உள்ளம் உருகி உடனே மடல் எழுதினார். அன்று தொடங்கிய மடல் உறவு, அத்தை மருமகள் உறவாகவே வளர்ந்தது. தலைவலி, காய்ச்சல், மூச்சிரைப்பு என்று கல்கத்தாவில் ஆனந்திபாய் நலிந்திருந்தபோது, கடலுக்கு அப்பாலிருந்து மருந்து அனுப்பிவைத்தவரும் அந்த அம்மையாரே. நோய் தீரவில்லை என்பதை இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

பயணச் செய்தி பரவியதும் எதிர்ப்பு மூண்டது. 1883 பிப்ரவரி 24 அன்று செராம்பூர்க் கல்லூரி மண்டபத்தில் ஆனந்திபாய் எழுந்து நின்று, ஆங்கிலத்தில் விடையளித்தார். ஊரார் கேட்ட வினாக்களையெல்லாம் தாமே வரிசையாக எடுத்துக்கொண்டார். ஏன் அமெரிக்கா? இங்கே படிக்க வழியில்லையா? ஏன் தனியே? சாதியை விட்டு விலக்கினால் என்ன செய்வாய்? ஒவ்வொன்றிற்கும் தயக்கமின்றி மறுமொழி கூறினார். மருத்துவம் கற்க நம் சென்னையில் ஒரு கல்லூரி இருப்பதையும் அவர் அறிந்திருந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875 முதலே பெண்கள் சேர்க்கப்பட்டனர் அல்லவா? ஆயினும் இந்நாட்டில் பெண்களுக்குக் கிடைத்த மருத்துவப் பயிற்சி நிறைவானதன்று என்பது அவர் கருத்து. புத்தகப் பையோடு பள்ளிக்குச் செல்லும் பெண்ணைத் தெருவில் நின்று எள்ளி நகையாடும் வழக்கத்தையும் அவர் எடுத்துரைத்தார். கணவர் உடன் வர இயலாமைக்கு, முதிய பெற்றோரும் இளைய உடன்பிறந்தாரும் அவரை நம்பியிருப்பதே காரணம் என்றார். இந்துவாகவே செல்வேன், இந்துவாகவே திரும்புவேன் என்று அவையறிய உறுதி கூறினார்.

அவ்வாண்டு ஏப்ரல் 7-இல் கல்கத்தாவில் கப்பலேறி, ஜூன் 4-இல் நியூயார்க் சேர்ந்தார். துறைமுகத்தில் கார்ப்பெண்டர் அம்மையார் காத்திருந்தார். கோடையை ரோசெலில் கழித்துவிட்டு, பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1850-இல் பெண்களுக்கென்றே தோன்றிய கல்லூரி அது. முதல்வர் ரேச்சல் போட்லி உதவித்தொகைக்கு ஏற்பாடு செய்தார்.

படிப்பைவிடக் கடினமாக இருந்தவை குளிரும் உணவுமே. விடுதிச் சாம்பாரைக் குறை கூறும் நாம் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்! புலால் மறுத்த அப்பெண் தாமே சமைத்து உண்ண வேண்டியிருந்தது. அறையின் கணப்பு சரியாக எரியாமல் புகையைக் கக்கியது. ஒன்று புகை, இல்லையேல் குளிர். மராட்டிய முறையில் உடுத்தும் ஒன்பது கெசப் புடைவை கணுக்காலை மறைக்காததால், குளிருக்காகக் குசராத்தி முறையில் உடுத்தத் தொடங்கினார். ஓர் அங்குலத் துணி இடம் மாறியதற்கும் கணவருக்கு மடலில் விளக்கம் எழுத வேண்டியிருந்தது என்பதுதான் கொடுமை.

1885 அக்டோபரில் எடுத்த ஒளிப்படம் ஒன்று கிடைத்துள்ளது. அதில் ஆனந்திபாயுடன் சப்பானின் கெய் ஒகாமியும் சிரியாவின் சபாத் இஸ்லாம்பூலியும் தத்தம் நாட்டு உடையில் அமர்ந்திருக்கிறார்கள். அயல்நாட்டு மாணவியர் மூவர். எவர் முகத்திலும் சிரிப்பில்லை.

ஆரிய இந்துக்களின் மகப்பேற்று மருத்துவம் பற்றி ஆய்வுரை எழுதி, 1886 மார்ச்சு 11-இல் எம்.டி. பட்டம் பெற்றார். கோபால்ராவ் அதற்குள் அமெரிக்கா வந்து சேர்ந்திருந்தார். உறவினரான பண்டித ரமாபாயும் இங்கிலாந்திலிருந்து வந்து விழாவில் கலந்துகொண்டார். அதே 1886-இல் கல்கத்தாவில் காதம்பினி கங்கூலியும் மருத்துவத் தகுதி பெற்றமையால், முதல்வர் யார் என்று வழக்காடுவோர் உண்டு. அவ்வழக்கு நமக்கு வேண்டியதில்லை. மேலை மருத்துவத்தில் அமெரிக்கப் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனந்திபாய் என்பதில் ஐயமில்லை.

கோலாப்பூர் ஆல்பர்ட் எட்வர்டு மருத்துவமனையில் பெண்கள் பிரிவின் பொறுப்பு அவருக்காகக் காத்திருந்தது. ஆனால் உடலுள் ஊன்றியிருந்த காசநோய் காத்திருக்கவில்லை. 1886 இறுதியில் தாயகம் திரும்பியவர் படுக்கையிலேயே வீழ்ந்தார். 1887 பிப்ரவரி 26 அன்று புனேயில் உயிர் பிரிந்தது. இருபத்திரண்டு வயது நிறைய ஒரு திங்களே எஞ்சியிருந்தது. தாம் கற்ற மருத்துவத்தை ஒரு நாளேனும் கோலாப்பூரில் செய்ய அவருக்கு வாய்க்கவில்லை.

கோபால்ராவ் அவருடைய சாம்பலைக் கார்ப்பெண்டர் அம்மையாருக்கு அனுப்பிவைத்தார். நியூயார்க் மாநிலத்துப் போக்கிப்சி ஊர்க் கல்லறைத் தோட்டத்தில், அந்தக் குடும்பத்தாரின் கல்லறைகளுக்கு நடுவே அது புதைக்கப்பட்டது. மேலே நட்ட கல்லில் அவர் பெயரும், பெற்ற பட்டமும், கல்வி தேடி இந்தியாவைவிட்டுப் புறப்பட்ட முதல் அந்தணப் பெண் என்ற குறிப்பும் பொறிக்கப்பட்டுள்ளன.