சம்பளம் 25 ரூபாய், புரொஜக்டர் 2000 ரூபாய்

பிளேஸ்மென்ட் சீசன்ல இதைப் படிக்கிறீங்க. ஆஃபர் லெட்டர் கையில் இருக்கிறவங்க கொஞ்சம் நிதானமாகப் படிங்க. இது நம்ம திருச்சியில் நல்ல வேலையை விட்ட ஒருத்தரோட கதை.

பெயர் சாமிக்கண்ணு வின்சென்ட். 1883-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் டிராஃப்ட்ஸ்மேன். முதல் வருஷம் டிராயிங் ஷீட்டோடு நாம் மல்லுக்கட்டினோமே, அதுதான் அவருக்குத் தினசரி வேலை. மாசம் 25 ரூபாய் சம்பளம். ரயில்வே உத்தியோகம்னா அந்தக் காலத்தில் வீட்டில் எவ்வளவு நிம்மதியா இருந்திருப்பாங்கன்னு சொல்லவே வேண்டாம்.

1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்தார். வந்த இடத்தில் உடம்பு சரியில்லாமல் போக, எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஊர் திரும்பப் பார்த்தார். புரொஜக்டரும் படங்களும் சேர்த்து விலை சுமார் 2000 ரூபாய். கணக்குப் போடுங்க: 80 மாசச் சம்பளம். ஒரு பைசா செலவு செய்யாமல் சேர்த்தாலும் ஆறரை வருஷத்துக்கு மேல் ஆகும். வின்சென்ட்டுக்கு அப்போ வயசு 22தான். என்னைவிட ஒரு வயசு பெரியவர். எப்படியோ பணத்தைப் புரட்டினார், மெஷினை வாங்கினார், வேலையை விட்டார்.

இங்கேதான் கொஞ்சம் நில்லுங்க. சினிமா தியேட்டர் என்ற ஒன்றையே பார்க்காத ஊர் இது. இந்தப் பக்கம் மலைக்கோட்டை, ஆத்துக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கம். ஜனங்களுக்குக் கூத்து தெரியும், நாடகம் தெரியும், திருவிழா தெரியும். வெள்ளைத் துணியில் ஆள் நடக்கிறதை நம்பிக் காசு கொடுப்பாங்களா? மார்க்கெட் சர்வே எதுவும் கிடையாது. மெஷின் ரிப்பேர் ஆனால் பார்ட்ஸ் கப்பலில்தான் வரணும். நம்ம ஸ்டார்ட்டப் கிளப்பில் இந்த ஐடியாவைச் சொல்லியிருந்தால் முதல் ரவுண்டிலேயே வெளியே அனுப்பியிருப்போம்.

அவர் கையில் இருந்த முக்கியமான படம் இயேசுவின் வாழ்க்கை. கூடவே சில குட்டிப் படங்கள். டென்ட் அடித்து திருச்சியில் ஆரம்பித்தார், கூட்டம் வந்தது. அப்புறம் டென்ட்டைச் சுருட்டிக்கொண்டு சென்னை, லாகூர், பெஷாவர், பர்மா, இலங்கை என்று சுற்றினார். ரயில்வேக்காரர் ரயிலை விடவே இல்லை, அவ்வளவுதான்!

1914-ல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரத் தியேட்டரைக் கட்டினார். அதே வருஷம்தான் அமெரிக்காவில் சாப்ளின் முதன்முதலாகத் திரையில் தோன்றினார். ஒருநாள் பணக்காரன், மறுநாள் தெருவில் என்று சாமானியனின் தலையெழுத்து புரள்வதைக் காட்டிச் சிரிக்க வைத்த ஊமைப்படங்களின் காலம் அது. வின்சென்ட்டோட வாழ்க்கையையே அப்படி நாலு ரீல் எடுக்கலாம். என்ன, இவர் வழுக்கி விழவில்லை.

தியேட்டரோடு நிற்கவும் இல்லை. மின்சாரத்தில் ஓடும் அச்சகம், மாவு மில் எல்லாம் தொடங்கினார். இ.இ.இ. நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கலாம். பேசும்படம் வந்ததும் பல ஊமைப்படக்காரர்கள் திண்டாடியபோது, இவர் கல்கத்தா பயனியர் கம்பெனியோடு சேர்ந்து 1933-ல் டி.பி. ராஜலட்சுமி நடித்த 'வள்ளி திருமணம்' எடுத்தார். படம் பிச்சுக்கிட்டு ஓடியது. கோவை சென்ட்ரல் ஸ்டுடியோஸ் உருவானதிலும் அவர் பங்கு உண்டு. 1942-ல் காலமானார்.

இன்டர்வியூவுக்குக் கோவை போறவங்க, ஸ்டேஷனில் இறங்கிப் பக்கத்தில் கொஞ்சம் நடந்து பாருங்க. வெரைட்டி ஹால் ரோடுன்னு போர்டு இருக்கும். அது இவர் தியேட்டர் பெயர்தான்.