ஒரு துளி இரத்தம் சாட்சி சொன்னது!
சுவீடன் மேதை விட்மார்க் வரலாறு

குடித்துவிட்டு மோட்டார் ஓட்டியதாக ஒரு டிரைவரைப் போலீசார் பிடிக்கிறார்கள். கோர்ட்டில் நிறுத்துகிறார்கள்.

அவர் குடித்தது உண்மையா? எவ்வளவு குடித்தார்? வண்டி ஓட்டியபோது போதை இருந்ததா?

இந்தக் கேள்விகளுக்கு இன்று சோதனைக்கூடம் பதில் சொல்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு நம்பத் தகுந்த அளவுகோல் எதுவும் கோர்ட்டுகளிடம் இல்லை. அந்த அளவுகோலைத் தந்தவர்களில் முதன்மையானவர், எரிக் விட்மார்க்.

குடிபோதை வழக்குகளில் அரசாங்க வக்கீலும் அவர் பெயரைச் சொல்வார். எதிரிக்காக வாதாடும் வக்கீலும் அவர் பெயரைச் சொல்வார். இரு தரப்புக்கும் பொதுவான மனிதர் அவர்!

மூச்சில் வீசிய வாசனை

சுவீடன் நாட்டின் தென்பகுதியில் உள்ள துறைமுக நகரம், ஹெல்சிங்போர்க். அங்கே 1889-ம் ஆண்டு விட்மார்க் பிறந்தார். லுண்ட் நகரப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார்.

நீரிழிவு நோய் முற்றியவர்களின் மூச்சில் ஒருவித வாசனை வீசும். அதற்குக் காரணம் அசிட்டோன் என்ற பொருள். அது இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது, மூச்சில் எவ்வளவு வருகிறது, சிறுநீரில் எவ்வளவு போகிறது என்று விட்மார்க் அளந்து பார்த்தார். இந்த ஆராய்ச்சிக்காக 1917-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

பிறகு அவருடைய கவனம் மதுவின் பக்கம் திரும்பியது. குடித்த மது உடம்புக்குள் போய் என்ன ஆகிறது? எவ்வளவு நேரம் தங்குகிறது? எப்படி வெளியேறுகிறது? இதை ஆராயத் தொடங்கினார். சில ஆண்டுகளில் லுண்ட் பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியர் ஆனார்.

தள்ளாடினால் குற்றவாளியா?

அந்தக் காலத்தில் குடிபோதை வழக்கு என்றால் டாக்டரின் கண்தான் அளவுகோல்.

பிடிபட்டவரை டாக்டர் நேர்கோட்டில் நடக்கச் சொல்வார். கண்ணை மூடிக்கொண்டு மூக்கு நுனியைத் தொடச் சொல்வார். பேச்சு குளறுகிறதா என்று கவனிப்பார். வாயை முகர்ந்து பார்ப்பார்.

இதில் பெரிய ஆபத்து இருந்தது. விபத்தில் தலையில் அடிபட்டவரும் தள்ளாடுவார். இரத்தத்தில் சர்க்கரை குறைந்துபோன நோயாளியும் உளறுவார். ஒரு சொட்டு மதுவைக்கூடத் தொடாதவர் சிறைக்குப் போகலாம்!

இன்னொரு பக்கம், குடித்துக் குடித்துப் பழகியவர் டாக்டர் முன்னால் நிமிர்ந்து நடந்து காட்டுவார். குற்றம் செய்தும் தப்பிவிடுவார்.

விரல் நுனியில் சில துளிகள்

1922-ம் ஆண்டு. மதுவை அடியோடு ஒழிக்கலாமா, வேண்டாமா என்று சுவீடன் மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. மதுவிலக்கு மயிரிழையில் தோற்றது. மதுக்கடைகள் நீடித்தன. சாலைகளில் மோட்டார் வண்டிகளும் பெருகி வந்தன.

அதே ஆண்டில் விட்மார்க் தம்முடைய புதிய சோதனை முறையை வெளியிட்டார்.

விரல் நுனியிலோ காது மடலிலோ குத்தி எடுத்த சில துளி இரத்தமே இதற்குப் போதும். ஒரு கண்ணாடிக் குடுவை. அதன் மூடியில் சின்னஞ்சிறு கிண்ணம் ஒன்று தொங்கும். கிண்ணத்தில் இரத்தத்தை வைப்பார்கள். குடுவையின் அடியில் ஆரஞ்சு நிற ரசாயனத் திரவம் இருக்கும்.

குடுவையை வெந்நீரில் சில மணி நேரம் வைத்தால், இரத்தத்தில் உள்ள மது ஆவியாகும். அந்த ஆவி கீழே உள்ள திரவத்தோடு சேர்ந்து, அதில் ஒரு பகுதியை மாற்றிவிடும். மாறாமல் மிச்சம் இருக்கும் திரவத்தை அளந்தால் மதுவின் அளவு தெரிந்துவிடும்!

கணக்கு சொன்ன உண்மை

விட்மார்க் அதோடு நிற்கவில்லை. 20 ஆண்களுக்கும் 10 பெண்களுக்கும் மது கொடுத்து, அவர்களுடைய இரத்தத்தைத் திரும்பத் திரும்பச் சோதித்தார்.

மது, உடம்பில் உள்ள தண்ணீரில் கலக்கும். கொழுப்பில் அவ்வளவாகக் கலக்காது. ஆகவே உடம்பின் முழு எடையையும் கணக்கில் எடுக்கக்கூடாது. ஆண்களுக்கு சராசரியாக 100-க்கு 68 பங்கும், பெண்களுக்கு 55 பங்கும் எடுக்க வேண்டும் என்று கண்டார்.

70 கிலோ எடையுள்ள ஒரு ஆண், 40 கிராம் சுத்த மதுச்சத்து உள்ள பானத்தைக் குடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய இரத்தத்தில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 0.84 பங்கு மது இருக்கும். பிறகு மணிக்கு சுமார் 0.15 பங்கு வீதம் குறைந்துகொண்டே வரும். நான்கு மணி நேரம் கழித்து 0.24 பங்குதான் மிஞ்சும்.

இந்தக் கணக்கு கோர்ட்டுக்குப் பெரிய உதவியாக அமைந்தது.

விபத்து நடந்தபோது குடிக்கவில்லை, வீட்டுக்குப் போன பிறகு பதற்றத்தில் குடித்தேன் என்று ஒரு டிரைவர் சொல்லலாம். பிறகு குடித்ததாக அவர் சொல்லும் அளவு, இரத்தத்தில் இருந்த மதுவுக்குப் பொருந்துகிறதா? பொருந்தினால் அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். பொருந்தாவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்!

சந்தேகத்தின் பலன்

1932-ல் தம் ஆராய்ச்சி முழுவதையும் ஜெர்மன் மொழியில் நூலாக வெளியிட்டார் விட்மார்க். தம்முடைய எண்கள் சராசரி எண்களே என்பதை அவர் மறைக்கவில்லை. ஆளுக்கு ஆள் எவ்வளவு வேறுபாடு இருக்கும் என்பதையும் கணக்கிட்டுச் சொன்னார்.

அந்த நேர்மை, குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குக் கிடைத்த கேடயம். இரத்தம் எடுத்தது எப்போது, கடைசியாகக் குடித்தது எப்போது, இவருடைய உடம்பு சராசரி உடம்புதானா என்றெல்லாம் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கலாம். கணக்கில் சந்தேகம் இருந்தால், அதன் பலன் எதிரிக்குத்தான் சேர வேண்டும் அல்லவா?

சட்டம் பிறந்தது

1934-ல் சுவீடனில், சந்தேகத்துக்கு ஆளானவரிடம் கட்டாயமாக இரத்தம் எடுத்துச் சோதிக்க சட்டம் வழி செய்தது. 1936-ல் பக்கத்து நாடான நார்வே, ஆயிரத்துக்கு 0.5 பங்கு என்று வரம்பு வகுத்தது. 1941-ல் சுவீடன் 0.8 பங்கு என்று வரம்பு வைத்தது. அதற்கு மேல் இருந்தால் குற்றம். 1.5 பங்கைத் தாண்டினால் கடும் குற்றம்.

1945-ல் விட்மார்க் காலமானார்.

பிற்காலத்தில் புதிய கருவிகள் வந்தன. அவருடைய கண்ணாடிக் குடுவைக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆனால் அவர் போட்ட கணக்கு ஓய்வு பெறவில்லை. இன்றும் பல நாட்டுக் கோர்ட்டுகளில் அது பேசப்படுகிறது.

வரம்புகளும் வரவர இறுகின. சுவீடன் 1957-ல் 0.5 பங்காகவும், 1990-ல் 0.2 பங்காகவும் தன் வரம்பைக் குறைத்தது. இந்தியாவிலும் 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இப்படி ஓர் அளவைச் சொல்கிறது. 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம்.

தள்ளாடும் நடையை வைத்து ஒருவரைக் குற்றவாளி ஆக்கிய காலம் இருந்தது. நிமிர்ந்த நடையை வைத்து ஒருவரைத் தப்பவிட்ட காலமும் அதுவே. இரண்டையும் மாற்றியது ஒரு துளி இரத்தம். அதற்குப் பணக்காரரும் தெரியாது, ஏழையும் தெரியாது. குடித்தவரைக் குடித்தவர் என்று சொல்லும், குடிக்காதவரை விடுவிக்கும்!